சுற்றமும் நட்பும் சூழ

ஒரேயொரு எழுத்து.
ன் இருக்கவேண்டிய இடத்தில் ள்.
மணமகள் செல்வி யாழ்நங்கை,
மணமகள் செல்வன் நிரோசன்.
முந்நூற்றைம்பதும் அடித்து முடிந்த பிறகு
ஆமர் வீதி அச்சக வாசலில் நின்று
மாப்பிள்ளையின் தகப்பன் போட்ட சத்தத்துக்கு
எதிர் ஹாட்வெயார்க்காரர் எழும்பி வந்து பார்த்தார்.
புரூப் பார்த்தது நான்.
சம்பளத்தில் வெட்டு.
"இந்தக் குப்பையையும் நீயே கொண்டு போ" என்றார் முதலாளி.

கொண்டு போனேன்.
கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில், காலடியில் மூன்று கட்டு.

வெளியட்டை தடிப்பு. மடிப்புக்குள் வைத்தால்
மூலை மழுங்கும், ஊசி முரண்டு பிடிக்கும்.
அதில் ஒன்றைக் கால் அங்குலம் கூட்டி
துணி வெட்டும் அளவுக்கு வைத்துக்கொண்டேன்.
உள்தாள்தான் வாகு.
பக்கம் ஓர் அங்குலம், அறுகோணம்,
தாளுக்குப் பன்னிரண்டு.
வெட்டும்போது மயிரிழை பிசகினால்
பத்தாவது பூவில் அது விரற்கடையாய் வந்து நிற்கும்.
இது எனக்குத் தெரியும்.
எழுத்தில் தெரியும்.

துணி, மாளிகாவத்தை றிஸ்மியின் தையற்கடையில்,
கிலோக் கணக்கில்:
பள்ளிச் சீருடை வெள்ளை, சாரத்து ஓரம்,
யாரோ ஒருத்தியின் சட்டைக் கைக்குழி.
வழுக்கும் பொலியெஸ்டரை விலத்து.
பருத்தியைத் தோய்த்துச் சாயம் போகவிட்டுத் தொடு.
என் முதல் வெள்ளையை ஒரு சிவப்பு
ரோசாவாக்கி விட்டது.

நூல் முழங்கை மட்டும். அதற்கு மேலே நீட்டினால்
கோக்கிற நேரம் மிச்சம், சிக்கெடுக்கிற நேரம் நட்டம்.
கரண்ட் போகும் இரவுக்கு வாங்கிய மெழுகுதிரியில்
இரண்டுதரம் இழு.
நிறம் தேடி அலையாதே,
சாம்பல் நூல் எல்லாரோடும் ஒத்துப்போகும்.
கடற்காற்று ஊசிக்குக் கறள் ஏற்றும்.
தலைமயிரில் ஒருக்கால் கோதிவிட்டுக் குத்து.

துணியைத் தாள்மேல் மடித்து
மூலைக்கு மூலை மடிப்பை மட்டும் பிடித்துப் போ,
தாளைத் துளைக்காமல்.
பிறகு இரண்டை முகத்தோடு முகம் வை.
மூலையில் தொடங்காதே. ஒரு நெல் தள்ளித் தொடங்கி,
மூலைக்குப் போய், திரும்பி வா.
இரண்டு இழை, மூன்று இழை, அவ்வளவே கவ்வு.
ஆழமாய்ப் போனால் முன்பக்கம் பல்லிளிக்கும்.
அங்குலத்துக்குப் பதினாறு என்பார்கள்.
எனக்குப் பன்னிரண்டு வருகிறது. போதும்.

மூன்று கூடும் முடக்கில் நூலை அறுக்காதே.
குறுக்கே நிற்பதைத் தாளோடு பாதியாய் மடி.
மடங்கும்.

"கொழும்பு வெக்கையிலே போர்வையா அக்கே?"
இனோகா கேட்டாள், பைண்டிங் பக்கமிருந்து.
டிஜிட்டல் மெஷினுக்காகப் பதினெட்டில் ஓடுகிறது ஏசி,
அதன் வாய்க்கு நேரே என் மேசை.
மெஷினுக்குச் சூடு ஆகாதாம்.
எனக்குத் தடிமன் ஆகும்.

தாளை எப்போது எடுப்பது?
அவசரப்பட்டு ஒருநாள் எடுத்தேன்,
ஓரம் தொளதொளத்து உருவமே போயிற்று.
ஆறு பக்கமும் ஆள் வந்து சேரட்டும்.
அயன் போடு. பிடித்த நூலை உருவு.
பின்பக்கத்தால் விரல்விட்டு நெம்பினால்
முழுசாய்க் கழன்று வரும், இன்னொன்றுக்கும் உதவும்.
அப்படிக் கழன்ற ஒன்றில்
"சுற்றமும் நட்பும் சூ" என்றிருந்தது.
மிச்ச ழ அடுத்ததற்குள்.
அதற்கு அப்போது நாலு பக்கம்தான் ஆகியிருந்தது.

ஆனியில் யாழ்நங்கையே வந்தாள்,
தன் கேக் கடைக்கு விசிட்டிங் கார்ட் அடிக்க.
"அந்தப் பிழை அட்டை ஒன்று கிடைக்குமா?
அவரைச் சீண்ட வேணும்."
முழுசாய் ஒன்றும் இல்லை என்றேன்.
மடியில் கிடந்ததை விரித்து ஓரமாய்த் தடவினேன்.
ஓரத்தில் இருப்பதற்கு ஆறு பக்கம் வராது,
கரைப்பட்டி வரும்வரை தாள் உள்ளேதான்.
மூன்றாவதில் அகப்பட்டது: "மணமகள் செல்வ".
வாங்கி, ஃபோன் உறைக்குள் செருகிக்கொண்டு,
கார்டில் தன் பேரை இரண்டுதரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அந்த இடத்தில் இப்போது
சித்திரை மாதத்துக் கரண்ட் பில்.