பதினைந்து எழுத்து

பதினைந்து எழுத்து வரை முப்பது சென்.
பதினாறாவது விழுந்தால் இன்னும் ஐந்து.
நான் போட்ட கணக்கல்ல,
தபாலாபீஸ் சுவரில் தொங்கியது.

ஷோவா எட்டு, பனி உருகும் மாதம்.
ஓதானி நுயி வந்தாள்,
கைச்சட்டை மடிப்பில் மத்திச் செதில் மின்ன.
பென்சிலால் எழுதியிருந்தாள்:
வியாழன் படகு. அதற்குள் வா.
கரையில் காத்திருக்கிறேன்.

எண்ணினேன். பதினேழு.
மறுபடி எண்ணினேன். பதினேழுதான்.

எங்கள் மொழியில் கரை என்றால் ஹம.
காத்திருக்கிறேன் என்றால் மத்சு.
இரண்டுக்கும் நடுவே ‘தே’ என்று ஓர் உருபு.
அதன் தோளில் இரண்டு சிறு கீற்று;
தந்தி விதியில் அந்தக் கீற்றும் ஓர் எழுத்து.
ஆக இரண்டு.

“இதை எடுத்துவிடலாம்” என்றேன்.
“தொக்கி நிற்கும். படிப்பவருக்குப் புரியும்.”
அவள் முப்பது சென்னை எண்ணி வைத்தாள்,
சில்லறையில் உப்பு ஒட்டியிருந்தது.

விசையை அழுத்தினேன்.
ம: நெடில், குறில், குறில், நெடில்.
த்சு: குறில், நெடில், நெடில், குறில்.
ஒன்றைப் புரட்டிப் போட்டால் மற்றது.
பதினோரு வருஷம் தட்டியும்
அன்றுதான் கவனித்தேன்.
அதை மட்டும்தான் கவனித்தேன்.

மத்சு என்றால் பைன் மரமும்.
தூரிகையில் எழுதினால் குழப்பமில்லை:
மரத்துக்கு மரம் பக்கத்தில் நிற்கும்,
காத்திருப்புக்குப் பாதையின் அரைத்துண்டு.
தந்திக்குத் தூரிகை கிடையாது.
அதற்குக் காது மட்டும்தான்.

ஹமமத்சு என்றால்
தென்கடல் பக்கம், ரயில் நிற்கும் பெரிய ஊர்.

நகோயாவில், கடிகார ஆலை வாசலில்,
குனிஹெய் அந்தத் தாளைப் படித்தான்.
அவள் முன்பே கிளம்பிவிட்டாள் என்று நினைத்தான்.
கிழக்கே போகும் வண்டியில் ஏறினான்.

இங்கே அவள் மேற்குக் கடலைப் பார்த்து நின்றாள்.
மணலைத் தடுக்க நட்ட பைன்கள்,
எல்லாம் ஊர்ப்பக்கமே சாய்ந்தவை,
காற்று தள்ளித் தள்ளி.
செவ்வாய் நின்றாள்.
புதன் நின்றாள்; மதியம் மழை;
மரத்தடிக்குப் போகவில்லை.

வேலையற்ற அந்த மதியம்
அலமாரி அகராதியை இறக்கினேன்.
தெய்வம் இறங்கக் காத்திருக்கும் மரம்,
அதனால் மத்சு என்கிறார் ஒருவர்.
இலை இரண்டாகக் கவைப்பதால் என்கிறார் இன்னொருவர்.
உதிராமல் தாங்கி நிற்பதால் என்று மூன்றாமவர்.
கீழே சிற்றெழுத்தில்:
தோற்றம் தெளிவில்லை.

புதன் இரவு கருவி தானாகப் பேசத் தொடங்கியது.
ஹமமத்சுவில் இருக்கிறேன். நீ எங்கே.
ஒவ்வோர் எழுத்தாக என் கையே எழுதியது.
எழுதி முடித்ததும் புரிந்தது.
லாந்தரோடு மணலில் ஓடினேன்,
ஒரு செருப்பு எங்கோ போயிற்று.

அவள் படித்தாள்.
சிரித்தாள்; நான் எதிர்பார்க்காதது அது.
பிறகு என்னோடு ஆபீசுக்கு நடந்து வந்து
படிவத்தில் இரண்டே எழுத்து எழுதினாள்:
மத்சு.
மிச்சம் பதிமூன்று கட்டம் வெறுமை.
“இதற்கும் முப்பதுதானே?”
“முப்பதுதான்.”

காத்திருக்கிறேன் என்றாளா,
மரமாகிவிட்டேன் என்றாளா,
நான் கேட்கவில்லை.
கேட்கும் தகுதியை இரண்டு எழுத்துக்கு விற்றிருந்தேன்.

வியாழன் படகு ஹொக்கைடோவுக்குப் போனது,
நண்டு டப்பா அடைக்கும் பெண்களோடு.
அவள் ஏறினாளா?
அன்று காலை என்னை உள்ளூர்க் கிளைக்குக் கணக்கெடுக்க அனுப்பிவிட்டார்கள்.
திரும்பியபோது கரையில் காலடிகள் நிறைய,
எல்லாத் திசையிலும்.

மாதக் கடைசியில்
என் பையிலிருந்து ஐந்து சென் எடுத்துக்
கல்லாவில் போட்டேன்.
கணக்கு இடித்தது.
மேற்பார்வையாளர் ஹிராகி மூன்று முறை கூட்டிப் பார்த்தார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
ஓரத்தில் எழுதினார்:
மிகை ஐந்து சென். தோற்றம் தெளிவில்லை.