பின்னிணைப்பு மூன்று

மருதமலைப் பக்கம் மேகம் இறங்கினால் கரண்ட் போய்விடும்.
அதற்குள் இன்றைய முப்பது ஆய்வேடுகளும் முடிந்தாக வேண்டும்.
பக்கத்துக்கு நாற்பது பைசா. அட்டைக்குக் காசில்லை.
கறுப்பு ரெக்சின், முதுகில் உதிரும் தங்க எழுத்து,
திறந்தால் அந்துருண்டை வாடை.

எல்லாம் கறுப்பு வெள்ளையில் என்பது உத்தரவு.
வண்ணம் இடத்தை அடைக்குமாம்,
சுற்றறிக்கையில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள்.

நான் படிப்பதில்லை. புரட்டுகிறவள்.
"முதற்கண் என் நெறியாளருக்கு" என்ற வரியை
ஈராயிரம் முறையாவது
கட்டைவிரலால் கடந்திருக்கிறேன்.

இன்று வந்தது 1994.
ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக, ந. தெய்வாத்தாள்,
காங்கயம் வழி ஏதோ ஒரு வலசு,
ஊர்ப்பெயரின் முன்பாதியைப் பூச்சி தின்றிருந்தது.
நொய்யல் நீரின் தன்மை, பத்து இடங்களில்.
இயல் இரண்டில் சொல்கிறாள்:
"துறையின் அமிலமானி பழுது.
ஏழு மாதமாகச் சென்னையில் இருக்கிறது.
ஆகவே பனியன் துணி."

அந்த ஆகவேயில் என் விரல் நின்றுவிட்டது.

பத்துக் கீற்றுகள், விரல் அகலம், சாண் நீளம்.
ஒவ்வொன்றையும் கல் கட்டி
ஓர் இரவு ஆற்றில் விட்டு
விடிந்ததும் எடுத்து, உலர்த்தி,
மைதாப் பசையில் ஒட்டியிருக்கிறாள்.

சாடிவயல், வெள்ளை. ஒரே ஒரு பாசி இழை.
பேரூர், வெள்ளைதான், ஓரத்தில் குங்குமமோ என்னவோ.
சிங்காநல்லூரில் சாம்பல் ஏறுகிறது.
மங்கலம் வரைக்கும் வெறும் ஊர் அழுக்கு.
திருப்பூர்ப் பாலம் தாண்டியதும்
கத்தரிப்பூ நிறம்.
ஒரத்துப்பாளையத்துக்கு மட்டும்
மூன்று பெயர் எழுதி, மூன்றையும் அடித்து,
"கீற்றைக் காண்க" என்று விட்டுவிட்டாள்.
எதிர்ப்பக்கத்துத் துணைநூற்பட்டியலிலும்
அந்த நிறம் இறங்கியிருக்கிறது,
முப்பது வருஷமாக, அவசரமில்லாமல்.

எட்டாவது இடத்தில் வெறும் பசைத் தடம்.
அடிக்குறிப்பு:
"காயப்போட்டிருந்ததை ஆடு தின்றுவிட்டது.
ஆட்டுக்காரர் பெயர் நாச்சிமுத்து.
மூன்று நாள் போய்ப் பார்த்தேன். ஆடு நலம்."

ஓரத்தில் பென்சிலில் நெறியாளர்: இது அளவீடு ஆகுமா?
அதன் கீழே பேனாவில், பொடி எழுத்தில்:
ஆகாதுங்க ஐயா. ஆனா நெறம் இருக்குதுங்க.

கண்ணாடியில் கவிழ்த்தேன். வெளிச்சம் ஓடிப் போனது.
திரையில் ஒன்பது கீற்றும் ஒரே சாம்பல்.
சாடிவயல் எது, ஒரத்துப்பாளையம் எது,
தெய்வாத்தாளே வந்தாலும் சொல்ல முடியாது.
கறுப்பு வெள்ளையில் ஆறு
எங்கேயும் கெடவே இல்லை.

வண்ணத்துக்கு மாற்றினேன்.
பக்கத்துக்கு நான்கு நிமிடம், நான்கு பக்கம்.
அந்த நேரத்தில் ஒரு முழு வணிகவியலை முடித்திருக்கலாம்.

கிட்டுசாமி சார் உள்ளிருந்து கூப்பிட்டார்.
"ஏம்மா, இந்தக் கோப்பு மட்டும் இத்தன பெருசு?"
"துணிங்க சார்."
"துணியா?"
வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
தொடாமல், ஒரு விரலை மட்டும்
மேற்கிலிருந்து கிழக்காகக் கொண்டுபோனார்.
"எட்டாவது எங்க?"
அடிக்குறிப்பைக் காட்டினேன்.
படித்தார். மறுபடி படித்தார்.
"அந்த நாலு பக்கம் மட்டும்" என்றார்,
உத்தரவு போடும் குரலில் இல்லை.

கடைசியில் படிவம்.
தேடுசொற்கள் ஐந்துக்கு மிகாமல்.
நொய்யல். சாயம். பனியன் துணி. அமிலமானி.
ஐந்தாவது கட்டம் மினுக்கிக்கொண்டு நின்றது.
வெளியே முதல் இடி.
ஆடு, என்று அடித்தேன்.
கால்நடை மருத்துவம் படிக்கும் எவளாவது
என்றைக்காவது வழி தவறி
இங்கே வந்து சேரட்டும்.

கரண்ட் போவதற்கு ஒரு நொடி முன்னால்
சர்வர் வாங்கிக்கொண்டது.