மாவு இருபத்திரண்டு

இரட்டிப்பு விளைச்சல், பொய்யில்லை.
சொட்டுக்குழாய் ஓடிய நான்கு ராய் நிலத்தில்
ஒரு தூரைப் பிடுங்க
லம்துவனுக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது.
வரப்புக்கு அப்பால், மழையை நம்பிய
புன்லெர்ட்டின் மரவள்ளி
கட்டைவிரல் பருமன்.

கோராட் ஆலை வாசலில்
ஐந்து கிலோவைத் தண்ணீரில் முக்கி
எடை பார்த்தான் ஒரு பையன்.
"மாவு இருபத்திரண்டு."
அறுவடைக்கு முந்தின வாரம் வரை
அவள் குழாயை மூடாததை
கிழங்கே காட்டிக்கொடுத்தது.
விலை இறங்கியது.

டீசல். குழாய்த் தவணை. லாரி.
ரசீதின் முதுகில் கழித்துக்கொண்டே வந்தாள்.
நாலாயிரத்துச் சொச்சம் பாத்
ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

வரிசையில் பின்னாலிருந்து புன்லெர்ட் கேட்டான்:
"தண்ணி விட்டது கட்டுபடியாச்சா?"

"கிழங்குக்கு ஆச்சு" என்றாள்.

ஆனாலும்
திரும்பும் வழியில் கடையில் இறங்கி
குழாய் மூடும் நாளைக் குறிக்க
ஒரு காலண்டர் வாங்கினாள்.