உதிரி

ஷோரூமுக்குள் ஏசி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அண்ணா சாலை சத்தமில்லாமல் ஓடுகிறது.
சிவப்பு வண்டி ஒருபக்கம் சாய்ந்து
நின்றபடியே விரைந்துகொண்டிருந்தது.
"சாருக்கா மேடம்?" என்றான் இன்பசேகர்.
எனக்குத்தான் என்றேன்.
உடனே குதிரைத்திறன் சொன்னான், டார்க் சொன்னான்,
நூறைத் தொட எத்தனை நொடி என்று சொன்னான்.
நான் கேட்டது ஒன்றுதான்:
கிளட்ச் லீவர் உடைந்தால் எத்தனை நாள்?

சிரித்தான். அதெல்லாம் உடையாது மேடம்.

கோயம்பேட்டில் பூ மண்டியில் கணக்கு எழுதுகிறேன்,
பதினோரு வருஷமாக.
இரவு இரண்டு மணிக்கு லாரி வரவேண்டும்.
வராது என்று எவரும் சொன்னதில்லை.
"திண்டிவனம் தாண்டிட்டோம்க்கா" என்பார்கள்,
லாரி திண்டுக்கல்லிலேயே நிற்கும்போதும்.
ஒரு வாக்கின் எடை எனக்குத் தெரியும்.
அதில் ஈரச்சாக்கின் எடை எவ்வளவு என்பதும்.

கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு
பின்பக்கம் போனேன்.
தகரக் கூரைக்குக் கீழே சர்வீஸ் கொட்டகை.
ஒன்பது வண்டிகள். நான்கின் மேல் உறை.
ஓர் உறைக்கு அடியில், சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே,
பூனை குட்டி போட்டிருந்தது.
கண் திறந்துவிட்ட குட்டிகள்.
அப்படியென்றால் குறைந்தது பத்து நாள்
அந்த வண்டியை எவரும் தொடவில்லை.

சட்டைப்பையில் டெல்லிபாபு என்று பெயர் தைத்திருந்தவன்
ஸ்பேனரை நிறுத்தாமலே பேசினான்.
"வண்டி சூப்பர்க்கா. ஓட்டுனா எறங்கவே மனசு வராது.
ஃப்யூயல் பம்ப்புதான். ஹார்பர்ல நிக்குதாம்.
போன மாசமும் ஹார்பர்லதான் நின்னுச்சு."

யானை வந்தாயிற்று.
அங்குசம் கப்பலில் வருகிறது.

பூனைக்கு வீடு கொடுத்தவரும் அங்கேதான் இருந்தார்.
ஜெபராஜ், பெரம்பூர்.
ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறார், மடியில் ஹெல்மெட்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
நாற்பத்தேழு நாள் ஆகிறதாம்.
ஐந்தாம் தேதி தவணை மட்டும்
ஒருநாளும் பிரேக்டவுன் ஆனதில்லை என்றார்.
மறுபடி வாங்கச் சொன்னால் இதையே வாங்குவீர்களா?
குட்டிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார்.
"வாங்குவேன்" என்றார்.

அதுவரை எனக்குப் பயமில்லை.

மறுநாள் அம்பத்தூர். சாம்பல் வண்டி.
அழகில்லை என்று சொல்லமாட்டேன்,
சரியான நேரத்துக்குத் திறக்கிற
தாலுகா ஆபீஸின் அழகு.
பாடி மேம்பாலத்தில் ஓட்டிப்பார்த்தேன்.
கேட்டதைச் செய்தது. கேட்டதை மட்டும்.
அதை நிறுத்திவிட்டு உதிரி கவுண்டருக்குப் போனேன்.
கம்பிவலைக்குப் பின்னால் ஒரு பெண்,
தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.
லீவர் என்றேன்.
"கிளட்ச்சா, பிரேக்கா?"
எனக்குக் கண் கலங்கிவிட்டது, சத்தியமாக.
கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.
மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றவில்லை, எடுத்து வந்துவிட்டாள்.
நானூற்று எண்பது ரூபாய். பில் போட்டுத்தான் கொடுத்தாள்.

வண்டி இன்னும் வாங்கவில்லை.
லீவரை வாங்கிவிட்டேன்.

மண்டியில் ரசீதுகள் பறக்காமலிருக்க
அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன்.
சம்பங்கிக்காரர் "என்னாது இது, கத்தியா" என்கிறார்.
லாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில்
இடதுகையில் எடுத்து நான்கு விரலால் அழுத்துவேன்.
சாம்பல் வண்டியின் லீவர்.
எடை குறைவு, வளைவு சரி, கிடைக்கும் பொருள்.
எல்லாம் சரி.
ஆனால் அழுத்தி, மெல்ல விரல்களை விடும்போது
ஜெமினி மேம்பாலத்தில் அந்தப் பதினோரு நொடி
சிவப்பாகக் கிளம்புகிறது.
(அன்று அதையும் ஓட்டிப்பார்த்தேன். முன்பே சொல்லியிருக்கவேண்டும்.)