ஒன்பதும் பதினைந்தும்

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி, காது கிளினிக், புதன்கிழமை.
மாசிலாமணி குகநேசன், வயது நாற்பத்தொன்பது,
ஓடாவிக்கு உதவியாள்.
"எந்தப் பக்கம்?" என்றேன்.
திடுக்கிட்டுப் பார்த்தார்.
"காதைக் கேட்டேன்."
"ஓ. இடது."

விளக்குக் குழலை உள்ளே விட்டேன்.
சவ்வின் ஓரத்தில் ஓட்டை,
பயறு அளவு. அதற்கப்பால் இருட்டு.

"மோட்டார்ல நிண்டனான்," என்றார், நான் கேட்காமலே.
யாருடைய மோட்டார் என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.
"போடுவன், குனிவன்.
ரெண்டு கையும் காதுக்குப் போகக்குள்ள
இடது பிந்திரும்.
அடுத்த குண்ட அந்தக் கையிலதான் தருவாங்க.
சத்தமெண்டு சொல்ல ஏலாது புள்ள. அது காத்து.
வாய்க்குள்ளால போய்ப்
பல்லெல்லாத்தையும் ஒருக்கா எண்ணிட்டு வரும்."
"எங்கே?"
"மண்முனைக்கு அங்கால. ஆத்தங்கரை."

அங்கால் என்றால் படுவான்கரை.
இங்கால் ஆரையம்பதியில்
எனக்குப் பதினொரு வயது.
பொழுது படுகிற திசையில்
நடுச்சாமத்தில் விடியும், ஒரு கண்ணிமைப்பு.
தென்னைகளுக்கெல்லாம் நிழல் முளைத்து
உடனே திரும்பிப் போய்விடும்.
வெளிச்சம் கண்டதும் எண்ணுவேன்.
ஒன்பதில் தொம்மென்று கேட்கும்.
அது புறப்பட்ட சத்தம்தான்,
குண்டு இன்னும் மேலேதான் இருக்கும்.
அதற்குப் பிறகு பதினைந்து, எங்களுடையது:
தம்பியை இழுக்க, செருப்பைத் தேட,
செருப்பை விட்டுவிட்டுப் பங்கருக்குள் குதிக்க.
ஒருநாள் பன்னிரண்டிலேயே வந்தது.
அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

"விழுகிற சத்தம் கேட்குமா உங்களுக்கு?"
"எங்களுக்கா? இல்ல.
காது அடைச்சிப் போயிரும்.
வெளிச்சத்துக்குக் கண்ணயும் மூடிருவம்."

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்தேன்.
கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்.
வலது பரவாயில்லை,
சிவப்பு வட்டங்கள் வரிசையாய் வந்தன.
இடதில் நீலப் புள்ளடி
ஆயிரத்தில் தடுமாறி, இரண்டாயிரத்தில் சரிந்து
நாலாயிரம் ஹேர்ட்ஸில் கிணற்றுக்குள் விழுந்தது.

கூட்டிக்கொண்டே போனேன்.
தொண்ணூறு டெசிபல்.
விரல் அசையவில்லை.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அனுப்பிவிட்டேனா என்று அறிய.

அனுப்பிவிட்டேன்.
ஒன்பது வரை எண்ணினேன்.
பிறகு, பழக்கத்தில்,
இன்னும் பதினைந்து.