மறுபக்கம் பார்க்க

கார்வின்ஸ் லேண்டிங்கில் நாற்பத்தேழு பலகைகள்.
வார்ப்பு அலுமினியம். உடல் கரும்பச்சை,
எழுத்துக்கு மட்டும் பொன்வண்ணம்.
மூன்றாண்டுக்கு ஒருமுறை
அத்தனைக்கும் பொன் பூசுவது என் வேலை.
நகராட்சி கொடுத்தது ஒரு தூரிகை, ஒரு முக்காலி,
லெட்பெட்டர் ஓட்டும் ஒரு வண்டி.

நீங்கள் வரிவரியாக வாசிப்பீர்கள்,
அதுவும் சிவப்பு விளக்கு எரிந்தால்.
நான் எழுத்தெழுத்தாக.
வட்ட எழுத்துகளின் வயிற்றில்
மண்குளவி கூடு வைத்திருக்கும்.
அதைச் சுரண்டிய பிறகுதான் வரலாறு.

பருத்திக் கிடங்கு இங்கே கட்டப்பட்டது.
பாலம் இங்கே எரிக்கப்பட்டது.
நீதிமன்றப் படியில்
ஆட்கள் ஏலம் விடப்பட்டனர்.
பட்டது, பட்டது, பட்டனர்.
யார் என்று கேட்டால்
திரும்பிப் பார்க்காத வினைச்சொற்கள்.
மழை பெய்கிற மாதிரி
எல்லாம் தானாகவே நடந்த ஊர் இது.

முப்பத்தொன்பதாவது பலகை, வங்கி வாசலில்.
ஒரு ஜூலையில்
சலவைப் பெண்கள் கூலி கேட்டுக் கையை மடக்கினார்கள்.
பதினொரு நாள்.
நீதிபதி அழுக்குக் காலரோடு வந்து
ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம் விதித்தார்.

இதைத் தோண்டி எடுத்தவர் ஆர்டீலியா ஸ்ட்ரிங்ஃபெலோ,
தபால் அலுவலகத்தில் முப்பது வருடம்
முகவரி தப்பிய கடிதங்களுக்கு ஆள் தேடியவர்.
சிறைப் பேரேட்டில் பதினான்கு பெயர் கிடைத்தது:
ஈஸ்டர் மிம்ஸ். பார்த்தீனியா கூட்.
சூக்கி டிரேடன், கைக்குழந்தையுடன்.
ஒருத்திக்கு வெறும் "ஜேன், உயரமானவள்".
(என் குடும்பத்தில் யாரும் இல்லை.
தேடிப் பார்த்தேன்.)

குழு கூடியது.
நூற்றுப்பத்துச் சொல்தான் விதி,
பெயருக்கு இடமில்லை என்றது.
"சலவைத் தொழிலாளர் சிலரால்
ஒரு போராட்டம் நடத்தப்பட்டது."
அவ்வளவுதான்.
கீழே சின்னதாக: மறுபக்கம் பார்க்க.
பார்த்தேன்.
நன்கொடையாளர் இருபத்தொரு பேர்,
நடுப்பெயரின் முதலெழுத்தோடு.
அதற்கும் நான்தான் பொன் பூசினேன்.
கை நடுங்கவில்லை,
சம்பளத்துக்குச் செய்கிற கை நடுங்காது.

மார்ச்சில் ஒரு ராத்திரி
கோழி ஏற்றிய லாரி வந்து மோதிற்று.
தெருவெல்லாம் இறகு.
பலகை மடங்கிய செய்தித்தாள் போலக் கிடந்தது.
வார்ப்படச் சாலைக்கு அனுப்பினோம்.
மதிப்பீடு வந்தது, ஒப்புதல் வரவில்லை.
எட்டு மாதம்
வெறும் கம்பம்.
நாய்களுக்கு அதில் குறையொன்றுமில்லை.

நவம்பரில் ஒரு திங்கள், விடியுமுன்
தொலைபேசி.
நடைபாதையில் இடையூறு, அகற்றுக.

கம்பத்திலிருந்து
வாகன நிறுத்தக் கட்டண மீட்டர் வரை
ஒரு கொடி கட்டியிருந்தது.
கொடியில் பதினான்கு வெள்ளைச் சட்டைகள்,
கஞ்சி போட்டவை.
மூலையில் ஆர்டீலியா, மடக்கு நாற்காலியில்,
வாயில் இரண்டு கவ்விகளோடு.
வணக்கம் சொல்ல வாய் காலியில்லை, தலையசைத்தார்.

காலரைத் திருப்பிப் பார்த்தேன்.
உள்பக்கம், அழியாத மையில் சலவைக்குறி.
சட்டை யாருடையது என்று எழுதும் இடத்தில்
துவைத்தவளின் பெயர்.
மிம்ஸ். கூட். டிரேடன்.
உயரமான ஜேனுக்கு
நீளக் கைச் சட்டை ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார்.

வங்கி மேலாளர் கண்ணாடிக்குப் பின்னால்
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
லெட்பெட்டர் கத்தரியோடு இறங்கினார்.
"வெர்டெல், அறுத்துவிடட்டுமா?"

ஒரு கைநுனியைப் பிடித்துப் பார்த்தேன்.
"இன்னும் ஈரம்" என்றேன்.

அவர் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு
வானத்தைப் பார்த்தார்.
ஆற்றங்கரை ஊர், பனிமூட்டம்.
லேசில் காயாது.