மார்கழியில் முகூர்த்தம் இல்லை

மார்கழியில் முகூர்த்தம் இல்லை.
லென்ஸுக்குத் தவணை மட்டும் உண்டு, ஐந்தாம் தேதி.
முனைஞ்சிப்பட்டியில் கடையைப் பூட்டிவிட்டு
இருட்டோடு வந்து
குளத்தின் வடகரையில் உடங்காட்டுக்குள்
சாக்கு விரித்துப் படுத்துக் கிடக்கிறேன்.
முழங்கையில் முள் ஏறியது.
பிடுங்க நேரமில்லை, வந்துவிட்டது.

எதிரே மொட்டைப்பனை உச்சியில்
வெள்ளை வயிறு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை.
விராலடிப்பான் என்று பேர்.
இந்தக் குளத்தில் விரால் அற்றுப்போய் வருஷம் எட்டாகிறது.
இருப்பதெல்லாம்
சேர்மக்கனி அண்ணாச்சி ஏலம் எடுத்து விட்ட
கட்லாவும் ரோகுவும்தான்.
அது பேரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கல்யாண வீட்டில் எனக்கு அதிகாரம் உண்டு.
'மாப்பிள்ளை, இன்னொரு வாட்டி மாலையைத் தூக்குங்க.'
'பொண்ணு கொஞ்சம் இங்க பாக்கணும்.'
'அத்தை, நீங்க அழுதது விழல.'
திரும்ப அழுவார்கள். முதல் தடவையைவிட நன்றாகவே.

இங்கே யாரிடம் சொல்ல?
எழும்புகிறது. ஒரு சுற்று.
அந்தரத்தில் சிறகடித்து நின்று
கீழே பார்க்கிறது,
விலை கேட்டுவிட்டு யோசிக்கிற ஆளைப்போல.
நொடியை மூவாயிரத்து இருநூறாய் நறுக்கி வைத்திருக்கிறேன்.
எந்தத் துண்டில் விழும்?
மடங்கியது.
விழுந்தது.
என் விரலும் விழுந்தது,
அதற்கு அப்புறம்.

முதல் நாள்: தண்ணீரில் வளையம் மட்டும்.
இரண்டாம் நாள்: பாதி வால்; பின்னால் பனை, வெகு துல்லியமாக.
நாலாம் நாள் அண்ணாச்சி வெடி போட்டார்,
தீபாவளிக்கு மிஞ்சின கெட்டிவெடி.
நாமக்கோழிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடின.
பனைமேல் இருந்தது கழுத்தை மட்டும் திருப்பியது.
'ஏன்வே, அதப் போயா படம் எடுக்கீரு?
துட்டு கட்டுனவன் நான்லா.
நாளைக்கு ரெண்டுன்னா மாசத்துக்கு என்னாச்சு, சொல்லும்.'
சொன்னேன். அறுபது.
எனக்கும் தவணை இருப்பதைச் சொல்லவில்லை.

பதினோராம் நாள்
வாடை என் முதுகில் அடித்தது.
காற்றுக்கு எதிரேதான் எழும்பும்;
என் முகத்துக்கு நேரே.

விழுந்தது, நெஞ்சு முங்க.
சிறகை விரித்துத் தண்ணீர்மேல் கொஞ்சம் கிடந்தது,
முடியாதென்று விட்டுவிட்டதுபோல.
பிறகு கனத்தோடு எழும்பி
நனைந்த நாயாய் உடம்பை உதறி
ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாய்
மீனின் தலையைக் காற்றுக்குத் திருப்பி
என் தலைக்குமேல் போயிற்று.
கழுத்தில் ரெண்டு சொட்டு.

இருபத்தேழு படம்.
கண்ணைத் தேடிப் பிடிக்கிற கேமரா இது,
அதற்குத்தான் அத்தனை விலை.
பிடித்திருக்கிறது.
மீனின் கண்ணை.
செதில் எண்ணலாம். செவுளோரம் ரத்தம்,
மூடத் தெரியாத வட்டம்.
மேலே பறவை,
ஈரக் கையால் துடைத்த சிலேட்டு.

அழிக்கப் போனவன் கையைப் பிடித்துக்கொண்டார் சேர்மக்கனி.
பெரிதாக்கச் சொன்னார். இன்னும். இன்னும் கொஞ்சம்.
'ரோகு. எண்ணூறு கிராம் நிக்கும்.
போன தையில விட்ட குஞ்சு.'
வெகுநேரம் பேசவில்லை.
'வளத்தி பரவால்ல, என்ன?'

பெரிய அளவில் பிரிண்ட் வேண்டுமாம்,
நாங்குநேரி ஆபீஸில் காட்டிக்
குத்தகையைக் குறைக்கச் சொல்ல.
காட்டியிருக்கிறார்.
'இது உம்ம மீன்தாம்னு என்ன அத்தாட்சி?'
படம் இப்போது காவல் குடிசையில் தொங்குகிறது
பிளாஸ்டிக் உறைக்குள்.
பிரிண்டுக்குக் காசு வரவில்லை.

தை ஐந்து, முதல் முகூர்த்தம், பாளையங்கோட்டை.
கெட்டிமேளம்.
சரியாக அந்நேரம் பார்த்து
யாரோ ஒரு சித்தப்பாவின் முழங்கை குறுக்கே வந்தது.
'இன்னொரு வாட்டி' என்பது நாக்குவரை வந்து
நின்றுவிட்டது, ஏனோ.
அட்சதை விழுந்து முடிந்து
சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.
எடுத்ததென்னவோ எடுத்ததுதான்.
கேமரா எந்தக் கண்ணைப் பிடித்ததென்று
வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.